மூக்கு வாடகைக்கு!

மீன் குழம்புக்கு 'எலுமிச்சம்பழ அளவு புளி' என்று முதன்முதலில் எழுதிவைத்த புண்ணியவான் யார் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த எலுமிச்சம்பழம்? புது பைக் சக்கரத்தில் வைத்து நசுக்குவோமே, அந்தச் சைஸா? சர்பத் கடைக்காரர் எட்டாகப் பிழிந்தும் சாறே வராத சைஸா? புளியை இறுக்கி உருட்டணுமா, லூஸாகப் பிய்த்துப் போடணுமா? கொட்டையோடா, கொட்டை நீக்கியா?

நான் பி.காம். டிரையல் பேலன்ஸில் பத்து பைசா இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராத ரகம். என்னிடம் போய் 'எலுமிச்சம்பழ அளவு' என்றால் எப்படி?

என் அம்மாவிடம் எலுமிச்சம்பழம்கூடக் கிடையாது. சென்னைக்கு வந்த புதிதில், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஹாட் பிளேட்டை ஒளித்து வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

"புளி எவ்வளவும்மா?"

"போதும்னு தோணுத அளவு."

"எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"வாசன வாற வரைக்கும்."

"என்ன வாசனை?"

"மீன் கொழம்பு வாசனதாம்ல! பின்ன மல்லியப்பூ வாசனையா வரும்?"

அன்றைக்கு நான் வைத்ததைச் சாப்பிட்ட ரூம்மேட், ஒரு மாதம் சைவமாக இருந்தான். வீட்டில் கேட்டதற்கு வேண்டுதல் என்றானாம்.

ஆனால் ஒன்று. அம்மாவின் அந்த 'வாசன வாற வரைக்கும்' ஒரு நாளும் தப்பியதில்லை. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். அடுப்பில் குழம்பு. பேச்சை நிறுத்தாமல் மூக்கை மட்டும் லேசாகத் திருப்பி, "ஏல, அடுப்பக் கொறச்சு வையி, மல்லி வாடை போயிட்டு" என்பாள். ஓடிப்போய்ப் பார்த்தால் சரியாக ஓரத்தில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்திருக்கும்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பளத்தில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். உப்பு விஷயத்தில் அவர் ஒரு பூரண கும்பம்... அப்படி அவருக்கு ஓர் எண்ணம். தினமும் மதியம் முதல் கவளம் உள்ளே போனதும் ஆடிட் ரிப்போர்ட் வரும். "உப்பு ஒரு கல்லு கம்மி." மறுநாள், "ஒரு கல்லு கூட." எனக்கு விவரம் தெரிந்து அம்மாவின் சமையலுக்கு அவர் கிளீன் ரிப்போர்ட் கொடுத்ததே கிடையாது. எல்லாமே குவாலிஃபைடு ரிப்போர்ட்தான். அம்மாவும் சளைத்தவள் இல்லை. "உங்க அளத்துல போயி நக்கிட்டு வாங்க" என்பாள்.

★ ★ ★

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் இரண்டு பேருக்கும் வந்தது. நல்லவேளை, வீட்டோடு போயிற்று. நான் சென்னையிலிருந்து தினமும் ஆக்ஸிஜன் அளவைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று நாட்-அவுட்டாகவே முடிந்தது. அதோடு விட்டது என்று நினைத்தோம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். விளமீன் குழம்பு. ஒரு வாய் வைத்தேன்.

காது அடைத்தது. காரம் என்றால் அப்படி ஒரு காரம். அதற்கு மேல் புளி. இரண்டுக்கும் பின்னால், வாயை மூடிய பிறகும் மூக்குக்குள் நின்ற மல்லித்தூளின் பச்சை வாடை. எங்கள் வீட்டில்! நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். இன்றைக்கு ரிப்போர்ட் அல்ல, குற்றப் பத்திரிகையே வரும் என்று காத்திருந்தேன். அவர் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார்.

எனக்கு முதுகில் சில்லிட்டது. முப்பது சொச்சம் வருஷத்தில் அப்பா இரண்டாம் தரம் குழம்பு கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கேயோ கணக்கு உதைக்கிறது.

ராத்திரி மொட்டை மாடியில் பிடித்துக்கொண்டேன்.

"எப்போலேர்ந்துப்பா?"

"ஜூன்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"அவ சொல்லல. நான் எப்படிச் சொல்ல?"

"சாப்பாடு...?"

"நல்லாத்தான இருக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை அது தானாகவே வெளியே வந்தது. நான் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பால் தீய்கிற நாற்றம் கிணற்றடி வரைக்கும் வருகிறது. ஓடினால், அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் அம்மா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் அடுப்பை அணைத்ததையும் என் முகத்தையும் பார்த்தாள். பேப்பரை மடித்து வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலல" என்றாள். "மீனும் ஒண்ணுதான், சோப்பும் ஒண்ணுதான்."

★ ★ ★

நாக்குக்குத் தெரிந்தது மொத்தம் அஞ்சே அஞ்சு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908-இல் ஜப்பானில் இகேடா என்கிற விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து பெயர் வைத்த உமாமி. 'ருசி' என்று நாம் கொண்டாடுகிற பாக்கி எல்லாமே, மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்வாசல் வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். நாக்கு சும்மா பேரை வாங்கிக்கொள்கிறது. (ஆபீஸில் உங்களுக்கும் மேனேஜருக்கும் உள்ள உறவு மாதிரி.) காரம் அந்த அஞ்சிலும் சேர்த்தி இல்லை. அது சுவை நரம்பு வழியாகப் போகாமல், வலியும் சூடும் போகிற நரம்பு வழியாகப் போகிறது. அதனால் மூக்கு போனவர்களுக்கும் காரம் தெரியும், புளிப்பு தெரியும். குழம்பில் அம்மாவுக்கு எட்டியது அந்த இரண்டும்தான். எட்டியதைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறாள், பாவம்.

இன்னொரு விஷயம் அப்புறம்தான் உறைத்தது. சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றச் சரக்கை வேண்டுமென்றே கலக்கிறார்கள். ஐந்து மாதமாக அந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை! அன்றைக்குச் சாயங்காலமே காஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றைச் சுவரில் மாட்டினேன். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் படரும். அதனால் அலாரத்தையும் தாழ்வாக மாட்ட வேண்டும். வீட்டில் யாருக்காவது மூக்கு சரியாக வேலை செய்யவில்லையென்றால், இந்தப் பக்கத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அதை வாங்கி மாட்டுங்கள்.

காது-மூக்கு-தொண்டை டாக்டர், மூக்குக்கு எக்ஸர்ஸைஸ் எழுதிக் கொடுத்தார். நிஜமாகத்தான். 2009-இல் ஜெர்மனியில் ஹும்மல் என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் செய்து பார்த்த முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நாலு வாசனை. காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது 12 வாரம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் இருக்காது, பொறுமை வேண்டும் என்றார்.

அம்மா இரண்டு நாள் செய்தாள். மூன்றாம் நாள், "கிராம்ப மோந்து நான் யாருக்குப் பல்வலிக்கு மருந்து போட?" என்று பட்டியலை மாற்றிவிட்டாள். நெத்திலிக் கருவாடு, வெந்தயம், காப்பித்தூள், தேங்காய் எண்ணெய். நாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலில். டாக்டரிடம் பயந்து பயந்து சொன்னேன். சிரித்துவிட்டு, மனசில் பதிந்த வாசனை என்றால் நல்லதுதான், விடாமல் செய்யட்டும் என்றார்.

★ ★ ★

ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கு லீவு சொல்ல மேனேஜர் கிடையாது (சம்பளமும் கிடையாது). மூன்று வாரம் ஊரிலேயே டேரா போட்டேன். ஒப்பந்தம் இதுதான்: அம்மா சமைப்பாள், நான் மூக்கு.

கூடவே எனக்கு ஒரு ரகசியத் திட்டம். எப்படியாவது இந்தக் குழம்பைப் பேப்பரில் ஏற்றிவிட வேண்டும். ஆனால் அம்மா அளந்து போட மாட்டாள். தராசை நீட்டினால், "இதென்ன, நகைக் கடையா?" என்கிறாள். அப்போதுதான் மூன்று வருஷம் படித்த படிப்பு கைகொடுத்தது. ஆரம்ப இருப்பு, கழித்தல் இறுதி இருப்பு! அவள் சமையலறைக்குள் வருவதற்கு முன்னாலேயே மிளகாய்த்தூள் டப்பா, மல்லித்தூள் டப்பா, உப்பு ஜாடி, புளிப் பானை எல்லாவற்றையும் எடை போட்டுவிடுவேன். குழம்பு இறங்கியதும் மறுபடியும் எடை. வித்தியாசம்தான் கன்ஸம்ப்ஷன். எட்டு சமையலுக்குக் கணக்கெடுத்துச் சராசரி போட்டேன். வாரக்கணக்காக அம்மாவைக் கலக்கிய ஒரே கேள்வி, இந்தப் பயல் எதற்காக விடியற்காலையில் உப்பு ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பதுதான்.

இதோ, ஒரு கிலோ மீனுக்கு: கொட்டை நீக்கிய புளி 40 கிராம், மிளகாய்த்தூள் 14, மல்லித்தூள் 25, மஞ்சள்தூள் 3, கல் உப்பு 22. அரை மூடித் தேங்காய், ஒரு சின்ன ஸ்பூன் சீரகம், ஏழெட்டுச் சின்ன வெங்காயம், இவை மூன்றையும் சந்தனமாக அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். புளித்தண்ணீரில் தூள்களையும் உப்பையும் கரைத்து மண்சட்டியில் கொதிக்கவிட வேண்டும். மாங்காய் சீசன் என்றால் நாலு துண்டு போட்டு, புளியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பச்சை வாடை போனதும் தேங்காய். தேங்காய் ஒரு கொதி வந்ததும் மீன். அதன் பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது. துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து, கோயில் தேரை முடுக்குத் திருப்புகிற மாதிரி, மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். சின்னத் தீயில் எட்டு நிமிஷம். மீன் ஆட்டுக்கறி இல்லை. அதன் சதையைக் கட்டி வைத்திருக்கிற நார் ரொம்ப மென்மை, சீக்கிரம் கரைந்துவிடும். இன்னும் கொஞ்சம் வேகட்டுமே என்று விட்டீர்களானால் கடைசியில் முள் குழம்புதான். கடைசியாக நல்லெண்ணெயில் கால் ஸ்பூன் வெந்தயம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடிவிட வேண்டும்.

மண்சட்டி பந்தாவுக்கு இல்லை. அலுமினியப் பாத்திரத்தில் புளி கொதித்தால் உலோகம் கரைந்து குழம்போடு சேரும். மண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை, இறக்கிய பிறகும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழக்க வேண்டும். அப்புறம் இந்தப் புளி. மீன் கவிச்சிக்குக் காரணமான ட்ரைமெதிலமைன் ஒரு காரப் பொருள். (மிளகாய்க் காரம் இல்லை, கெமிஸ்ட்ரிக் காரம்.) புளியிலுள்ள அமிலம் அதைப் பிடித்து உட்கார வைத்துவிடும், காற்றில் கிளம்பி மூக்குக்கு வர விடாது. எங்கள் ஆச்சிக்கு இந்தக் கெமிஸ்ட்ரி எதுவும் தெரியாது. மீனைக் கழுவும்போதே கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு அலசுவாளாம்.

எல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஒரு பத்திதான் காலி. 'பச்சை வாடை போனதும்' என்று சுலபமாக எழுதிவிட்டேனே, அது எப்போது போகிறது? அதைத் தராசில் எங்கே வைப்பது? பாலன்ஸ் ஷீட்டில் குட்வில் என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது, ஆனால் கம்பெனியே அதில்தான் ஓடும். அந்த இடத்தில்தான் இப்போது நான் நிற்கிறேன்.

"இப்ப எப்படில இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"நல்லான்னா என்ன? மல்லி முன்னால நிக்கா, புளி முன்னால நிக்கா?"

யோசித்துப் பாருங்கள், வாசனையைச் சொல்ல நம்மிடம் வார்த்தையே இல்லை. சிவப்பு என்றால் அதில் ரத்தச் சிவப்பு, செங்கல் சிவப்பு, குங்குமச் சிவப்பு என்கிறோம். வாசனை என்றால் 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை'. முடிந்தது. இருந்த நல்ல வார்த்தைகளையும் கெடுத்துவிட்டோம். 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம். இன்றைக்கு யாரையாவது பார்த்து, "உங்கள் மேல் நாற்றம் வீசுகிறது" என்று பாராட்டிவிட்டு ஆபீஸிலிருந்து முழுசாக வீடு திரும்ப முடியுமா?

முதல் வாரம் ஏகப்பட்ட திட்டு வாங்கினேன். ஆனால் திட்டத் திட்ட அவளே பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் வருவது தண்ணீர் வாடை, ஈரத் துணி மாதிரி. அப்புறம் மல்லி, வைக்கோல் போர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. பிறகு புளி வந்து மூக்கின் மேல் பக்கத்தில் கூசும். அந்தக் கூச்சம் அடங்குகிற இடம்தான் இடம். அவ்வளவு வருஷமும் 'வாசன வாற வரைக்கும்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இத்தனையையும் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறாள். மூக்கு இருந்தவரை அவளுக்கு அதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒரு நாள் நான் சுடச்சுட ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருக்கையில், "ஸ்ஸ்... சும்மா இரு" என்றாள். தலையைச் சாய்த்துச் சட்டியையே கவனித்தாள்.

"பேச்சு மாறிட்டு பாத்தியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் காதை வைத்துக் கேட்டேன். உண்மைதான். ஆரம்பத்தில் தண்ணீராக இருக்கும்போது குழம்பு சளசளவென்று அவசரமாகப் பேசும். சுண்டிக் கெட்டியாக ஆக, குமிழ் பெரிசாகி, 'பொளக்... பொளக்...' என்று நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் மாறுகிறபோதுதான் என் மூக்கில் புளியின் கூச்சமும் அடங்கியது. நாலு தடவை சரிபார்த்தேன். இரண்டும் டாலி!

அன்றைக்குக் குழம்பு சரியாக வந்தது. அப்பா சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

★ ★ ★

சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். "சாளை இருக்காக்கா?" என்று கேட்டேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ நிக்கிறதே சாலைதாம்பா" என்றார். தெற்கே சாளை, இங்கே மத்தி. எங்கள் ஊர் சீலா, இங்கே வஞ்சிரம். அயிலை, இங்கே கானாங்கத்தை. அறுநூறு கிலோமீட்டர் நீந்தி வருவதற்குள் மீனுக்குப் பெயர் மாறிவிடுகிறது.

சமையல் கற்றுக்கொள்ள நினைக்கும் தனிக்கட்டை நண்பர்களுக்கு ஓர் ஓரக் குறிப்பு. மத்தியில் ஆரம்பியுங்கள், விலை குறைவு, கெட்டுப்போனாலும் மனசு தாங்கும். வஞ்சிரத்தில் பரிசோதனை வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள் (2017-க்கு முன்னால் 45 நாள்தான்). அப்போது நாட்டுப்படகு மீன்தான் ஆதாரம், விலை ஏறும். மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் துருத்திக்கொண்டு பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள். விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். ஒரு தடவை அமுக்கினால் போதும். காலிங் பெல் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தால் மீன்காரம்மா எழுந்து நிற்பார்.

என் மனைவி வட ஆற்காட்டுக்காரி. அவள் வீட்டுக் குழம்பில் தேங்காய் கிடையாது, தக்காளியும் பூண்டும். அம்மாவிடம் ஒரு தடவை, "அத்தே, ரெண்டே ரெண்டு தக்காளி போட்டுப் பாருங்களேன்" என்றாள். "தக்காளி போட்டா அதுக்குப் பேரு ரசம்மா" என்று பதில் வந்தது. மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில்தான் இங்கே வந்தது, அதற்கு முன்னால் எல்லாம் மிளகுதான் என்று நான் சமரசம் பேசப் போனேன். "எவன் கொண்டாந்தா என்ன, அம்மியில அரச்சது நாமதான" என்றாள். இதற்கு எந்தக் கமர்ஸ் பட்டதாரியிடம் பதில் இருக்கிறது?

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஏற்பாடு வேடிக்கையாக இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன். தூத்துக்குடியில் அம்மா காதில் வைத்துக்கொண்டு என் குழம்பைக் கேட்பாள். வீடியோ கால் வேண்டாம் என்றுவிட்டாள், படம் வந்தால் கவனம் சிதறுகிறதாம். நானும் மனைவியும் மூச்சுவிடாமல் நிற்போம். கொஞ்ச நேரம் கழித்து, அங்கிருந்து, "ம்... இப்பப் போடு மீன" என்று உத்தரவு வரும்.

மூக்கு? ஹார்லிக்ஸ் பாட்டில்களை அவள் விடவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாசத்தில் ஒரு நாள் காலை, "யாரு வீட்லயோ கருவாடு சுடுதாவ" என்றாளாம். அப்பா செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை. எந்த வீட்டிலும் கருவாடு இல்லை. திரும்பி வந்து, "ஆமா, மூணாவது வீட்டுல" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் போனில் நிஜத்தைச் சொன்னார். மூக்கு திரும்புகிற காலத்தில் இல்லாத வாசனையெல்லாம் வருவதும் உண்டு என்று டாக்டர் விளக்கினார். அதன் பிறகு இருக்கிற வாசனையும் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் காப்பித்தூள், அப்புறம் தேங்காய் எண்ணெய். வெந்தயம் இன்னும் பாதிதான்.

போன ஞாயிறு என் குழம்பு இறங்கியதும் அம்மா போனை வைக்க மறந்துவிட்டாள். நானும் அணைக்கவில்லை. அங்கே தட்டு வைக்கிற சத்தம், சோறு போடுகிற சத்தம், குழம்பு விடுகிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார் அப்பா.

"உங்க அளத்துல போயி நக்கிட்டு வாங்க!"

மனைவி, "என்னங்க, குழம்பு ஆறுது" என்றாள். நான் கையை நீட்டிப் பொறுக்கச் சொன்னேன்.